நானூறு மடங்கு ஆடிய ஜெட்டி

காலை ஒன்பது நாற்பது. அதுவரை நான் மரியாதையான மனிதன்.

போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஆபீசிலிருந்து மகள் நிவேதா போனில் ஒரு லிங்க் அனுப்பிவிட்டு, கூடவே பேசினாள்.

"அப்பா, இது உங்க போன்ல திறக்குதான்னு மட்டும் பாருங்க. அதுல திறந்தா உலகத்துல எதுலயும் திறக்கும்."

(இந்த அவமானத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

நடு அந்தமானில் ரங்கத் பக்கம் ஒரு ஜெட்டி, அதாவது படகுத்துறை. பெயர் வேண்டாம், அது பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. பெரிய அலை மோதினால் அது தாங்குமா என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டிருந்தார்கள். விடை ஆயிரக்கணக்கான கோப்புகளில் வெறும் எண்களாக வந்து குவிந்தது. அதை எந்த அதிகாரி படிப்பார்? அதனால் நிவேதா சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதினாள். அது கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, வேண்டாததைத் தள்ளி, எண்ணுக்கு ஏற்ற நிறம் பூசி, நம் தீவு நெட்டிலும் ஓடுகிற அசையும் படமாகக் கொடுக்கும். நான்கு மாத உழைப்பு. பதினோரு மணிக்கு அதிகாரிகளுக்குக் காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் போர்ட் பிளேரிலேயே நிரந்தர வேலை. இல்லையென்றால் அடுத்த கப்பலில் சென்னை. ஒரே மகள். அந்தக் கப்பலை நினைத்தே எனக்கு நான்கு மாதமாக நெஞ்செரிச்சல்.

லிங்க் திறந்தது. ஜெட்டி ஆடியது.

சும்மா ஆடவில்லை. புயலில் முருங்கைக் கிளை மாதிரி ஆடியது. தூண்கள் ரத்தச் சிவப்பில் வளைந்தன. மேல்தளம் பாய் மாதிரி எழும்பி, படுத்து, மறுபடி எழும்பியது. அதே ஜெட்டியில்தான், தங்கை வீட்டுக்குப் போயிருந்த என் மனைவி தமிழரசி படகு ஏற வரிசையில் நின்றிருந்தாள்.

நீங்களே சொல்லுங்கள். சுனாமிக்கு முந்தைய வருடம் வரை நிக்கோபாரில், அந்த அலை அள்ளிக்கொண்டுபோன கட்சால் தீவில் வேலை பார்த்தவன் நான். என்ன செய்திருக்க வேண்டும்? சட்டையை மடித்து வைத்துவிட்டு "நல்லா திறக்குதும்மா" என்றா?

உடனே அவளுக்குப் போன் போட்டேன். "தமிழு, ஜெட்டியில நிக்காத! விழப்போகுது!"

"யாரு சொன்னா?"

"நிவி கம்ப்யூட்டர்ல வந்திருக்கு. நானே பார்த்தேன்."

என் மனைவிக்கு மைக் தேவையில்லை. "ருக்கோ! ஜெட்டி கிர்னே வாலா ஹை! மேரி பேட்டி இன்ஜினியர் ஹை!" என்று, நில்லுங்கள், ஜெட்டி விழப்போகிறது, என் மகள் இன்ஜினியர் என்று, இந்தியில் அவள் போட்ட சத்தம் போன் இல்லாமலே டெய்ரி ஃபார்முக்குக் கேட்டிருக்கும். வங்காளி, தெலுங்கர், மலையாளி, தமிழர் எல்லோரும் ஒற்றுமையாகப் பின்வாங்கினார்கள். படகுக்காரர் கெஞ்சியும் ஒருவரும் ஏறவில்லை.

பதினொன்றேகாலுக்கு, நிவேதா முதல் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது, பெரிய அதிகாரிக்கு ஜெட்டியிலிருந்து போன் வந்தது. அடுத்த போன் எனக்கு.

"அப்பா," அவள் குரல் பயங்கர அமைதியாக இருந்தது. "படத்துல கீழ் மூலையில என்ன எழுதியிருக்கு?"

கண்ணாடி போட்டு, விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன். எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு வரி: அசைவு நானூறு மடங்கு பெரிதாக்கப்பட்டுள்ளது.

"நிஜத்துல எவ்வளவு?"

"அரை சென்டிமீட்டர். அப்படியே காட்டினா கண்ணுக்குத் தெரியாதுப்பா. அதான் பெருக்கிக் காட்டுறோம். எல்லாரும் செய்றதுதான்."

"சிவப்பு?"

"இருக்கிறதுலயே அதிக அழுத்தம் எங்கன்னு காட்டுறது. ஆபத்துன்னு அர்த்தமில்ல."

எனக்கு இன்றும் ஆறவில்லை. ஆடாததை ஆடுவதாகக் காட்டுவதா பொறியியல்? எக்ஸ்ரேயில் எலும்பை நானூறு மடங்கு வளைத்துக் காட்டி, "சும்மா, உங்களுக்குப் புரியட்டுமேன்னு" என்று டாக்டர் சொன்னால் விடுவோமா? ஆபத்தில்லாத இடத்துக்கு ஏன் சிவப்பு? பச்சைக்கு என்ன பஞ்சம்? இத்தனையையும் போனில் கத்தினேன். அவள் முடிக்க விட்டாள்.

"அப்பா, ஸ்கூல்ல நீங்க என்ன பாடம் எடுக்கறீங்க?"

(இதுவரை சொல்லாமல் தள்ளிப்போட்டதற்கு மன்னிக்கவும்.) புவியியல். இருபத்திரண்டு வருடமாக, "வரைபடத்தைப் பார்க்கும் முன்னால் அளவைப் பார்!" என்று கத்துகிறேன். பார்க்காதவர்களுக்கு அரை மார்க் குறைப்பேன். எட்டாம் வகுப்பில் நிவேதாவுக்கும் குறைத்தேன்.

"வேலை என்னாச்சும்மா?"

"தெரியல. வைக்கிறேன்."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மனதுக்குள் அவள் பெட்டியை நானே கட்டி, நானே கப்பலில் ஏற்றிவிட்டேன்.

ஐந்து மணிக்கு வந்தாள். எல்லோர் முன்னாலும் பெருக்கத்தை ஒன்றுக்குக் குறைத்துக் காட்டச் சொன்னாராம் அதிகாரி. ஜெட்டி கல் மாதிரி நின்றிருக்கிறது. "யே தோ ஹில் ஹி நஹீ ரஹா!" (இது அசையவே இல்லையே!) என்று சிரித்திருக்கிறார். பிறகு, "ஒரு வாத்தியாரே பயந்தா ஜனங்க என்ன ஆவாங்க? முதல்ல நிஜ அளவு ஓடட்டும், மடங்கைக் கொட்டை எழுத்துல போடு. திங்கட்கிழமை வந்து ஆர்டரை வாங்கிக்கோ" என்றாராம்.

அந்தக் கொட்டை எழுத்துக்கு, இந்த வாத்தியார் நினைவாக, அவள் ஆபீசில் இப்போது 'மாஸ்டர் லைன்' என்று பெயர். வீட்டில் நான் குரலை உயர்த்தினால், "அப்பா, இது எத்தனை மடங்கு?" என்கிறாள்.

கடைசியாக வந்தவள் தமிழரசி. கூட்டம் சமாதானமாவதற்குள் கடல் வற்றி, ஆழம் போதாமல் படகு கிளம்பவே இல்லை. பஸ்ஸில் மிச்ச நாள் முழுக்கக் குலுங்கி, ஏழு மணிக்கு மடியில் ஒரு பலாப்பழத்தோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். வழியிலேயே நிவேதா போனில் எல்லாம் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. நான் வாசலிலேயே மூலை எழுத்து, சிவப்பு, பச்சை என்று ஆரம்பித்தேன்.

அவள் பலாப்பழத்தை என் கையில் வைத்தாள்.

"ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னு கண்ணெடுக்காம பார்த்தேன். ஒரு இம்மி அசையல," என்றாள். "சரி, உங்களுக்கு அந்த அரை மார்க்கைக் குறைச்சாச்சா, இல்ல நான் குறைக்கவா?"