நாலரை நிமிஷத் தடை

இந்த முறை மனைவிக்குப் பயப்படுவதில்லை என்று முடிவெடுத்தேன். நாற்பத்தொரு வருஷத் தாம்பத்தியத்தில் இது என் பதினேழாவது முடிவு. முந்தைய பதினாறையும் அவளிடம் அனுமதி வாங்கித்தான் எடுத்தேன்.

விஷயம் இதுதான். நாங்கள் ஐந்து பேர் கொண்ட ராக் இசைக்குழு. நான் கீபோர்டு. கிதார் வாசிப்பவர் என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். எல்லோருக்கும் அறுபத்தைந்து தாண்டிவிட்டது. எங்கள் இசைக்கு முற்போக்கு ராக் என்று பெயர். மற்ற குழுக்கள் மூன்று நிமிஷத்தில் காதலைச் சொல்லி, கல்யாணத்தையும் முடித்துவிடும். எங்கள் பாட்டில் இருபது நிமிஷம் ஆனாலும் கதாநாயகன் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பான். தாளம் நாலில் கிளம்பி, ஏழுக்குத் தாவி, பதினொன்றில் இடறி விழுந்து எழுந்திருக்கும். அதில் ஒரு சுகம் இருக்கிறது. ஒரு தடவை ருசி கண்டவர்கள் விடமாட்டார்கள்.

மனைவிதான் குழுவின் மேனேஜர். மேடை, வண்டி, மாத்திரை எல்லாம் அவள் பொறுப்பு. பதினான்காவது ஆல்பம் செய்யலாம் என்று நாங்கள் சொன்ன அன்று, ஐந்து பேரையும் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக உட்காரவைத்துத் தீர்ப்பு சொன்னாள்.

"இசைத்தட்டோட முதல் பக்கம் உங்க இஷ்டம். ரெண்டாம் பக்கத்துல அஞ்சு பாட்டு. ஒவ்வொண்ணும் நாலரை நிமிஷம். மேல ஒரு நொடி போகக் கூடாது."

"நாலரை நிமிஷத்துல நான் ஸ்விட்சே போட்டு முடிச்சிருக்க மாட்டேனே!"

"சீக்கிரமா போடப் பழகுங்க. டிரம்மருக்குத் தோள்பட்டை வலி. பாடகருக்கு மூச்சு வாங்குது. பாஸ்காரருக்கு முழங்கால். உங்களுக்கு முதுகு."

"உங்கண்ணனுக்கு?"

"உங்க சகவாசம்."

மச்சான் தலையை ஆட்டினார். அவர் என்றைக்கும் தங்கை பக்கம்தான், சாப்பாடு முடிகிற வரை.

ஒரு நீண்ட பாட்டு பல வருஷமாக என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மின்தூக்கி பழுதுபார்க்கிற ஒருவன், மின்சாரம் போன கட்டடத்தில் ஒவ்வொரு மாடியாகப் படியேறுகிற கதை. ஒரு மாடிக்கு ஒரு தாளம். உச்சியில் வானம். இது எங்கள் கடைசி ஆல்பமாக இருக்கலாம். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. டிரம்மர் தோளைத் தடவிக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு அந்தப் பயம் வந்தது. அந்தப் பாட்டு வெளிவராமல் போனால் என் மனசு ஆறாது.

அப்போதுதான் மூளை வேலை செய்தது. ஐந்து பாட்டு, நாலரை நிமிஷம். கூட்டினால் இருபத்திரண்டரை. இசைத்தட்டின் ஒரு பக்கம் கச்சிதமாக நிறையும்! ஒரே பாட்டை ஐந்தாக நறுக்கி, தனித்தனிப் பாட்டு என்று அவள் காதில் பூ சுற்றிவிட்டு, கடைசியில் இடைவெளி இல்லாமல் ஒட்டிவிட்டால்?

கார் ஷெட்டில் ரகசியக் கூட்டம் போட்டேன். கிழவர்கள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் முப்பது வருஷமாகப் பார்த்ததில்லை. டிரம்மர் வலிக்கிற கையையே தூக்கி ஆதரவு தெரிவித்தார். மச்சான்கூட, "தங்கச்சிக்குத் தெரிஞ்சா உன்னை மாட்டிவிட்டுட்டு நான் ஓடிடுவேன்" என்ற நிபந்தனையோடு சேர்ந்துகொண்டார்.

எங்கள் ஒலிப்பதிவாளர் என் மகள்தான். அவளையும் வளைத்தேன்.

"அம்மாகிட்ட மூச்சு விடக் கூடாது."

"விட மாட்டேம்பா."

"சத்தியமா?"

"சத்தியமா நான் சொல்ல மாட்டேம்பா. வாசிங்க."

வாசித்தோம். என்னமாய் வாசித்தோம்! போன ஆல்பத்தில் தாளம் ஏழா பதினொன்றா என்று நாலு வருஷம் பேசாமல் இருந்தவர்கள் நாங்கள். இப்போது மாட்டிக்கொள்ளும் முன் முடிக்க வேண்டும் என்பதால் சண்டைக்கு நேரமே கிடைக்கவில்லை. டிரம்மர் இடது கையால் முடியாததை வலது காலுக்கு மாற்றினார். அதில் நடையே புதுசாகிவிட்டது, படியேறுகிற ஆளின் இளைப்பு அப்படியே வந்தது. பாடகரின் பழைய உச்சக் குரல் போய்விட்டது. கீழே, கரகரவென்று ஒரு குரல் மிச்சம் இருந்தது. அந்தக் குரலில் அவர் மூன்றாம் மாடியைப் பாடியபோது நான் கீபோர்டைப் பார்க்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மனைவி சமையலறைக் கடிகாரத்தோடு வாசலில் நிற்பாள். நாலரை நிமிஷத்தில் அது டிங் என்று அடிக்கும். நாங்கள் டக்கென்று நிறுத்துவோம்.

"ஏங்க, பாட்டு பாதியில தொங்குதே?"

"அது புதுப் பாணிம்மா."

"அடுத்த பாட்டு பாதியிலிருந்து ஆரம்பிக்குதே?"

"அதுவும் அதே பாணிதான்."

"எல்லாத்துலயும் அந்த ஆளு படியேறிக்கிட்டே இருக்கானே?"

"அது... வேற வேற ஆளும்மா."

"ஓஹோ. பாவம், எல்லாருக்கும் மூச்சு வாங்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அசட்டுப் பெண் என்று பரிதாபப்பட்டேன். ஆமாம், நான் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன்.

ஆறே வாரத்தில் எல்லாம் முடிந்தது.

தொழிற்சாலையிலிருந்து மாதிரி இசைத்தட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லோரும் எங்கள் கூடத்தில் கூடினோம். மகள் இரண்டாம் பக்கத்தைப் போட்டாள். முதல் ஒட்டு வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டோம். மனைவி கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது ஒட்டு. மூன்றாவது. அவள் அசையவில்லை. கடைசி மாடியில் கதவு திறந்து, மச்சானின் கிதார் வானத்தைத் தொட்டபோது அவள் கன்னம் நனைந்திருந்தது.

"இதுவரைக்கும் நீங்க பண்ணதுலயே இதுதாங்க ஒசத்தி" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வெற்றியை அறிவிக்காமல் இருக்க முடியுமா?

"இது அஞ்சு பாட்டு இல்லம்மா. ஒரே பாட்டு! உன் கண்ணுல மண்ணைத் தூவிட்டோம்!"

மச்சான் வாசல் பக்கம் நகர்ந்தார்.

மனைவி இசைத்தட்டின் அட்டையை எடுத்து என் மடியில் வைத்தாள். பின்பக்கத்தில் அச்சாகியிருந்தது: இரண்டாம் பக்கம், ஒரே பாட்டு, இருபத்திரண்டரை நிமிஷம்.

"இது எப்ப அச்சாச்சு?" என்று மகளைக் கேட்டேன். என் குரலும் பாடகர் குரல் மாதிரி இறங்கியிருந்தது.

"நீங்க வாசிக்க ஆரம்பிச்சதுக்கு முந்தின வாரம்பா."

"நீ சத்தியம் பண்ணியே!"

"நான் சொல்லலைப்பா. அம்மாதான் எனக்குச் சொன்னாங்க."

மனைவி நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். "குளிக்கும்போதெல்லாம் அந்தப் பாட்டைத்தானே முணுமுணுக்கறீங்க. போன ஆல்பத்துக்கு உங்க இஷ்டம்னு விட்டேன். ஒன்பது வருஷம் ஆச்சு. டிரம்மர் தோள் இன்னொரு ஒன்பது வருஷம் தாங்குமா? கூடாதுன்னு சொன்னேன். ஒன்றரை மாசத்துல முடிச்சுட்டீங்க."

கிழவர்கள் அவளைக் கும்பிடாத குறையாகப் பார்த்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் புருஷன் என்று ஒரு மரியாதை இருக்கிறதே.

"இனிமே உன் பேச்சைக் கேட்டு நான் ஒரு ஸ்வரம்கூட வாசிக்க மாட்டேன்" என்றேன்.

"அதுவும் சரிதாங்க. போதும். வயசாச்சு. இனி ஆல்பமே வேண்டாம்."

"வேண்டாமா? அதைச் சொல்ல நீ யாரு?"

அவள் எழுந்து காப்பி போடப் போனாள்.

நான் விடுவேனா? மறுநாள் காலை, காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஐந்து பேரும் டிரம்மர் வீட்டில் ரகசியமாகக் கூடினோம். பதினைந்தாவது ஆல்பம். யாருக்கும் தெரியாது.

கதவைத் திறந்த டிரம்மரின் மனைவி, முன்னறையில் போட்டிருந்த ஐந்து நாற்காலிகளைக் காட்டிச் சொன்னாள்:

"உட்காருங்கண்ணே. நீங்க வருவீங்கன்னு அக்கா நேத்தே ஃபோன் பண்ணிட்டாங்க. உங்க முதுகுக்கு மட்டும் ஒரு தலையணை வைக்கச் சொன்னாங்க."