என் வலைப்பதிவின் ஒரே வாசகி

'யாரும் படிக்காவிட்டால் என்ன, எனக்காகத்தான் எழுதுகிறேன்' என்று எந்த வலைப்பதிவர் சொன்னாலும் நம்பாதீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மைசூர் விஜயநகரில் ஒரு மாடி வீட்டில் தனியாக உட்கார்ந்து, எங்கோ இருக்கும் கம்பெனிக்கு வெப்சைட் செய்துகொடுப்பது என் பிழைப்பு. வேலையில் ஏதாவது எரர் வந்து, முட்டி மோதிச் சரிசெய்தால் அந்த வழியைத் தமிழில் எழுதி வைப்பேன். அடுத்து எந்தத் தொழில்நுட்பம் உலகத்தை ஆளப்போகிறது என்று ஆரூடமும் சொல்வேன் (ஒன்றுகூடப் பலித்ததில்லை). வாரக்கணக்கில் நேரில் பேசக் கிடைத்த ஒரே ஆள், தண்ணீர் கேன் போடுகிறவர்.

ஒருமுறை பதிவுகளுக்கு அடியில் இருக்கும் கருத்துப் பெட்டி வேலை செய்யாமல் போனது. சரிசெய்துவிட்டு, சோதித்துப் பார்க்க 'ரஞ்சனி' என்ற பெயரில் நானே ஒரு கருத்துப் போட்டேன். "ரொம்ப நன்றி சார், என் பிரச்சினை தீர்ந்தது." பதிலும் நானே போட்டேன். பதிலுக்குப் பதில், அதற்கொரு பதில் என்று போனால் மொபைலில் வரிகள் கலையாமல் நிற்கின்றனவா என்றும் பார்க்க வேண்டுமே! பேச்சு நீண்டது. "மைசூரில் மழையா?" என்று கேட்டாள். "நீங்கள் வந்தால் நின்றுவிடும்" என்றேன் (சோதனைக்குத்தான்!). சோதனை முடிந்ததும் எல்லாவற்றையும் அழிப்பதுதான் முறை. எனக்கு மனம் வரவில்லை. யாரோ என்னிடம் பேசியதுபோல இருந்தது, அவ்வளவுதான்.

ஈரோட்டில் இருக்கும் என் அக்காவுக்குப் புரோகிராமிங்கில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் குடும்ப வாட்ஸ்அப்பில் நான் போட்ட லிங்க்கையெல்லாம் திறந்து அடிவரை பார்த்திருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்துவிட்டாள். கையில் முறுக்கு டப்பா, ஒரு பட்டுப்புடவை.

"ரஞ்சனி எங்கடா இருக்குது? வரச் சொல்லு, பாக்கோணும்."

நான் திருதிருவென்று விழிக்க, அவள் கீழே போய் வீட்டுக்கார அம்மாவிடமே விசாரித்தாள். அவர் மூன்று தலைமுறையாக மைசூர்த் தமிழர்.

"ஹௌதா, அப்படியா? பொண்ணா? இவர் வீட்டுக்குத் தண்ணி கேன் போடுறவர் தவிர யாரும் வர்றதே இல்லம்மா."

அக்கா மேலே வந்து கத்தினாள். "மறைக்காதடா! கோபியில உனக்குப் பாத்து வெச்ச பொண்ணை நேத்துத்தான் வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்."

வேறு வழியில்லை. லேப்டாப்பைத் திறந்து, அவள் கண்முன்னே ரஞ்சனியாக ஒரு வரி தட்டிக் காட்டினேன்.

"அப்ப அந்தப் புள்ளயும் நீதானா? ரெண்டு பக்கமும் நீயே பேசிக்கிட்டியா?"

"சோதனைக்குக்கா."

தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது, தண்ணீர் நிற்கவில்லை. அவமானத்தைக்கூடத் தாங்கிக்கொண்டேன், அதைத்தான் தாங்க முடியவில்லை.

இன்றும் வீட்டு விசேஷங்களில் நான் 'ரஞ்சனி மாப்பிள்ளை'தான். அக்கா ஊருக்குப் போனதிலிருந்து, நான் என்ன எழுதினாலும் கீழே ரஞ்சனி என்ற பெயரில் ஒரு கருத்து வந்துவிடுகிறது. டேட்டாபேஸ் தொங்கிப்போனால் என்ன செய்வது என்ற பதிவுக்குக் கீழேயும் அதே கேள்விதான்: "சாப்பிட்டியா?"

போன மாதம் நான் பதில் சொல்வதற்குள் முன்பின் தெரியாத ஒருவர் முந்திக்கொண்டார். எனக்குக் கிடைத்த முதல் நிஜ வாசகர். என்னிடம் அவர் பேசவேயில்லை.

"இன்னும் இல்லீங்க. எரர் சரியானதும் சாப்பிடணும்."

அதற்குக் கீழே அக்கா எழுதியிருந்தாள்: "எரர் எங்கயும் போயிராது. மொதல்ல போய்ச் சாப்புடு கண்ணு."