பாய்லரின் கடைசிக் கச்சேரி

நாற்பது வயதைத் தாண்டி ஹெவி மெட்டல் என்கிற இடிச்சத்த ராக் இசையை வாசிக்கிறவனுக்கு முதலில் போவது காது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தப்பு. முதலில் போவது, தாளத்துக்குத் தலையை வீசி வீசியே தேய்கிற கழுத்து, அப்புறம் முட்டி. காது கடைசிவரை நன்றாகவே இருந்து, நாம் எவ்வளவு மோசமாக வாசிக்கிறோம் என்பதைத் துல்லியமாகச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

எனக்கு இன்னொரு வியாதியும் உண்டு. சும்மா உட்காரத் தெரியாது. உட்கார்ந்தால் வலது கால் தானாக ஆடும். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் எந்தப் பெட்டி எந்த வரிசையில், எந்த அடுக்கில் இருக்கிறது என்று எழுதி வைக்கிற குமாஸ்தா நான். என் கால் ஆடுகிற வேகத்தில் எதிர் மேஜைக்காரரின் டீ தளும்பும் (அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனதற்குக் காரணம் நான்தான் என்று யார்டில் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு).

அந்தக் காலை அடக்கத்தான் இருபத்திரண்டு வயதில் கிடாரைத் தூக்கினேன். கூட இரண்டு பேர். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாய்லர் பழுது பார்த்துக்கொண்டிருந்த சம்பத், டிரம்ஸ். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ராயபுரம் லாரன்ஸ், பேஸ் கிடாரும் பாட்டும். பாட்டு என்றால் பாட்டில்லை, அடிவயிற்றிலிருந்து வருகிற உறுமல். குழுவின் பெயர் 'பாய்லர்'. ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பத்துடைய மச்சான் வெல்டிங் பட்டறையில் ஒத்திகை நடக்கும். அக்கம்பக்கத்தில் ஒருவர்கூட எங்களைப் பற்றிப் புகார் சொன்னதில்லை. உள்ளே வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

இருபது வருடம் இப்படி ஓடியது. ஆரம்பத்தில் சில கல்லூரி விழாக்கள், லாரன்ஸின் ஆட்கள் நடத்திய கிறிஸ்துமஸ் விருந்துகள் என்று மேடை கிடைத்தது. அப்புறம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியாக வாசித்த இடத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். அதில் நாலு பேர் சவுண்டு சர்வீஸ்காரர்கள். ஒருவர் ஷேர் ஆட்டோவுக்காக நின்றவர், ஆட்டோ வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

செல்போனில் இன்கமிங்குக்குக் காசு பிடிப்பதை நிறுத்தியிருந்த சமயம் அது. ஒரு சித்திரை வெயிலில், தேரடிப் பக்கம் டீக்கடையில் மூன்று பேரும் உட்கார்ந்து குழுவைக் கலைப்பது பற்றிப் பேசினோம். சம்பத் டிரம்ஸில் இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதிக்கிற ஆள். அதற்கு டபுள் பெடல் என்று பெயர். முட்டி ஜவ்வு தேய்ந்துவிட்டது, இனி மிதித்தால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். லாரன்ஸுக்கு பிரஷர் மாத்திரை. நான் மட்டும் விடமாட்டேன் என்று கத்தினேன். எனக்கு மட்டும் கழுத்து வலிக்கவில்லையா, ராத்திரி திரும்பிப் படுக்க முடிகிறதா, நான் சொன்னேனா என்று கேட்டேன். லாரன்ஸ் டீயைக் கீழே வைத்தான்.

"மாமு, போன தபா கத்தசொல்லோ கண்ணு இருட்டிக்கினு வந்துச்சு. வுயாம இருக்க மைக்கப் புட்ச்சிகினு நின்னேன். நீ அத்த ஸ்டைலுன்னு நென்ச்சிகினு கட்டை விரலக் காட்ன."

உண்மைதான். காட்டியிருந்தேன். அத்தோடு குழு கலைந்தது. வீட்டுக்குப் போய் பாத்ரூமில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். குழாயில் தண்ணீர் வரவில்லை (எங்கள் பக்கம் தண்ணீர் வருவதே ஒருநாள் விட்டு ஒருநாள்), அதனால் நான் அழுதது வீட்டில் எல்லோருக்கும் கேட்டது.

என் மனைவி செல்விக்கு நியாயமாக இது கொண்டாட்டமாக இருந்திருக்க வேண்டும். கல்யாணமாகிப் பதினேழு வருடமாக அவளுக்கும் என் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்கும் ஆகாது. வீட்டில் வேறு இடம் இல்லாததால் அது எங்கள் கட்டிலுக்கு அடியில் குடியிருந்தது. தினமும் காலையில் எழுந்திருக்கும்போது அதன் மூலையில் கால் கட்டை விரலை இடித்துக்கொள்வாள். இடித்துக்கொண்டதும் என்னைப் பார்ப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள். நிறுத்திவிட்டோம் என்று தெரிந்த அன்றைக்கு சேமியா பாயசம் வைத்தாள்.

பாயசத்தின் மகிழ்ச்சி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கிடார் இல்லாத என் கை கால்களை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. சாப்பிடும்போது தட்டில் தாளம் போட்டேன். மாவு அரைக்கிற கிரைண்டர் ஒரே வேகத்தில் சுற்றவில்லை என்று குறை சொன்னேன். மடித்து வைத்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வி ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், யார்டு வழக்கப்படி சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் நம்பர் போட்டு, அடுக்கு மாற்றி, சுவரில் பட்டியலும் ஒட்டிவிட்டேன். துவரம்பருப்பு: இரண்டாம் வரிசை, மூன்றாம் அடுக்கு. அன்றைக்கு எண்ணெய் காய்ந்து புகைகிறது, செல்வி பட்டியலில் கடுகைத் தேடுகிறாள். எனக்கு அவளுடைய முகம் சரியாகப் படவில்லை. ஆனால் கடுகு நாலாம் வரிசையில் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன்.

இப்படி மூன்று மாதம். ஆடி வந்தது.

சம்பத் அவன் தெரு அம்மன் கோயில் கமிட்டியில் இருந்தான். கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேடையில் ஒரு மெல்லிசைக் குழு பாட இருந்தது. அவர்கள் மீஞ்சூரில் வேறு விழாவுக்கு ஒப்புக்கொண்டு கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார்கள். மேடை தயார், ஸ்பீக்கர் தயார், பாட ஆள் இல்லை. நம்ம பசங்களே ஒரு குழு வைத்திருக்கிறார்கள் என்று சம்பத் கமிட்டியில் சொல்லிவிட்டான் (பசங்களில் இளையவனான எனக்கு நாற்பத்து மூன்று வயது). எனக்கு போன் செய்து, ஒரே ஒரு கச்சேரி, முறையாக முடித்துக்கொள்ளலாம் என்றான். உடனே சரி என்றேன். இனி வாழ்க்கையில் இந்தச் சத்தம் இல்லை என்றால், கடைசியாக ஒரு தடவையாவது நிறைய பேர் முன்னால் நன்றாக வாசித்துவிட வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

கமிட்டித் தலைவர் மளிகைக்கடை வைத்திருந்த நாடார். இரண்டு நிபந்தனை போட்டார். கோயில் மேடையில் எங்கள் சீருடையான கறுப்பு பனியன் கூடாது. முதல் பாட்டு அம்மன் பாட்டாக இருக்க வேண்டும். முதலாவது எங்களுக்கு வசதியாகப் போயிற்று, ஏனென்றால் பழைய கறுப்பு பனியன்கள் மூன்று பேருக்குமே தொப்புளுக்கு மேலே நின்றன. கமிட்டி கொடுத்த மஞ்சள் பனியனைப் போட்டுக்கொண்டோம். இரண்டாவதுதான் சிக்கல். எங்களுக்கு அம்மன் பாட்டு தெரியாது. எங்கள் பழைய பாட்டு ஒன்றிலேயே அங்கங்கே 'தாயே' சேர்த்துக்கொள்ளலாம் என்று லாரன்ஸ் சொன்னான். மாதா கோயிலில் பாடுவதுபோல நினைத்துக்கொள்கிறேன், எல்லாம் அம்மாதானே என்றான்.

அதோடு விட்டிருக்கலாம். சம்பத்துக்குத்தான் மூளை வேலை செய்தது. சின்ன வயதிலிருந்து கேட்ட பம்பை, உடுக்கை அடியை அப்படியே டபுள் பெடலில் இறக்கிவிட்டால் பக்தியாகவும் இருக்கும், மெட்டலாகவும் இருக்கும் என்றான். பிரமாதம் என்றேன். அந்த அடியை எதற்காக அடிக்கிறார்கள் என்று மூன்று தடிமாடுகளில் ஒன்றுக்கும் தோன்றவில்லை.

சாயங்காலம் ஐந்து மணி. தெருவில் முந்நூறு பேராவது இருப்பார்கள். பெண்கள் பக்கம் முன்வரிசையில் செல்வி, பக்கத்தில் என் மகள் நித்யா. காலை ஆட்டிக்கொண்டே கிடாரை மாட்டினேன். சம்பத் குச்சியைத் தட்டினான். ஆரம்பித்தோம்.

சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. சம்பத்தின் முட்டி எங்கிருந்தோ பழைய பலத்தைக் கொண்டுவந்தது. லாரன்ஸ் உறுமினான். நான் வழக்கம்போல தலையை மேலும் கீழும் வீசினேன். நாலாவது வீச்சில் கழுத்தில் 'கடக்' என்று ஒன்று கேட்டது. தலை இடப்பக்கம் திரும்பி அப்படியே நின்றுவிட்டது. இடப்பக்கம் பெண்கள் பக்கம். அதனால்தான் முழுவதையும் பார்க்கும்படி ஆயிற்று.

செல்வி எழுந்து நின்றாள். கூந்தல் அவிழ்ந்தது. உடம்பு சம்பத்தின் அடிக்குச் சரியாக ஒரு உதறு உதறியது. பக்கத்தில் இருந்தவர்கள் விலகினார்கள். யாரோ குலவையிட்டார்கள். என் மனைவிக்கு, என் பாட்டுக்கு, சாமி வந்துவிட்டது.

எங்கள் பாட்டு நாலு நிமிடம்தான். முடிந்ததும் நிறுத்தினோம். செல்வி தரையில் காலை உதைத்து ஒரு சத்தம் போட்டாள், தெருவே நடுங்கியது. தலைவர் மேடைக்கு ஓடி வந்தார்.

"யப்பா, நிறுத்திராதீங்க! அம்மா இன்னும் மலையேறல!"

சாமி இறங்கும்வரை அடியை நிறுத்தக் கூடாது. பம்பைக்காரர்களுக்கு இறக்கவும் ஒரு அடி தெரியும். எங்களுக்கு ஏற்றத்தான் தெரிந்தது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். இருபது வருடத்தில் எங்களைப் பார்த்து ஒரு மனிதர் 'நிறுத்தாதே' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது (கழுத்து வலியும் ஒரு காரணம்).

வாசித்தோம். பத்து நிமிடம், இருபது நிமிடம். சம்பத் ஒரு காலைக் கையால் தூக்கித் தூக்கிப் பெடல்மேல் வைத்தான். லாரன்ஸுக்குப் பாட்டு வரிகள் தீர்ந்துபோயின. 'தாயே'யை நூறு தடவை சொன்னான். அப்புறம் வாயில் வந்ததை உறும ஆரம்பித்தான். கூர்ந்து கேட்டேன். கல்மண்டபம், தண்டையார்பேட்டை, டோல்கேட், தேரடி, எர்ணாவூர், எண்ணூர். ராயபுரத்திலிருந்து எண்ணூர் போகிற பஸ்ஸின் ஸ்டாப்புகள். எண்ணூர் வந்ததும் திரும்பி ராயபுரம் போனான். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு கண்டக்டர் மட்டும் ஒரு மாதிரியாக நிமிர்ந்து பார்த்தார்.

பூசாரி எங்களைச் சத்தம் குறைக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, வேப்பிலையோடு செல்வியின் முன்னால் போய் நின்று, "தாயே, ஒனக்கு இன்னா வோணும்? கேளு" என்றார்.

செல்வி கையை நீட்டினாள். மேடையில் என்னை நோக்கி.

"டேய்."

பதினேழு வருடத்தில் அவள் என்னை 'ஏங்க' என்பதைத் தாண்டி எதுவும் சொன்னதில்லை.

"டேய். என் கட்டிலுக்கு அடியில கீது பாரு ஒரு பொட்டி. அத்த எட்து வெளிய வையிடா."

அம்மனுக்கு ஏது கட்டில் என்று தலைவர் பூசாரியைக் கேட்டார். ஊஞ்சலைச் சொல்கிறாள் என்று பூசாரி சமாளித்தார். எனக்கு மட்டும் புரிந்தது. கழுத்து திரும்பாததால் வேறு பக்கம் பார்க்கவும் முடியவில்லை.

"இன்னும் இன்னா தாயே?"

"வூட்ல உக்காந்துகினு என்னைப் பேஜாரு பண்ணாதடா. இந்தச் சத்தம் வருசா வருசம் எனக்கு வோணும். நீ நிறுத்துன, அப்புறம் நடக்குறதே வேற."

விபூதி போட்டார்கள். செல்வி நித்யாவின் மடியில் சாய்ந்தாள். சம்பத் டிரம்ஸ் மேலேயே கவிழ்ந்தான். அவனை இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். லாரன்ஸ் ஒரு வாரம் சிலேட்டில் எழுதிக் காட்டித்தான் பேசினான். எனக்கு மூன்று வாரம் கழுத்துப் பட்டை.

மறுநாள் செல்வி என் கழுத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். மெதுவாகக் கேட்டேன், நேற்று என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா என்று. சாமி வந்தால் யாருக்காவது ஞாபகம் இருக்குமா என்றாள். சரி, என்னை ஏன் டேய் என்றாய் என்று கேட்டேன். சாமிக்கு எல்லாரும் டேய்தான் என்று சொல்லி, துணியை இன்னும் கொஞ்சம் சூடாக வைத்தாள்.

அம்மன் சொல்லை மீற முடியுமா? ஆம்ப்ளிஃபயர் பெட்டி கட்டிலடியை விட்டுக் கோயில் ஸ்டோர் ரூமுக்குப் போய், கூழ் அண்டாக்களோடு சேர்ந்துகொண்டது. வெல்டிங் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை மறுபடி ஆரம்பித்தது. ஒவ்வொரு ஆடியிலும் அந்த ஒரு பாட்டை வாசிக்கிறோம். சம்பத் இப்போது ஆபரேஷனில் வைத்த மாற்று முட்டியால் மிதிக்கிறான், முன்னைவிட நன்றாகவே. பஸ் ஸ்டாப்புகள் பாட்டில் நிரந்தரமாகிவிட்டன. ராயபுரம் தொடங்கி எண்ணூர்வரை வரிசை பிசகாமல் தெருப் பிள்ளைகள் கூடவே கத்துகிறார்கள். அது பழங்காலத்து அம்மன் பாட்டு என்றே நம்புகிறார்கள். கடுகு பழைய இடத்துக்கே வந்துவிட்டது. வீட்டில் என் கால் ஆட ஆரம்பித்தால், "அம்மாவுக்கு சாமி வரப் போகுதுப்பா" என்பாள் நித்யா. அவளுக்குக் கல்யாணமாகி, இப்போது மாப்பிள்ளையும் அதையே சொல்கிறார்.

கொஞ்ச நாள் முன்பு கழுத்து மறுபடி பிடித்துக்கொண்டது. வயதும் ஆகிறது, ஆள் பார்த்து யாரிடமாவது கிடாரைக் கொடுத்துவிட்டு இந்த வருடத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன் என்றேன். செல்வி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"டேய்" என்றாள்.

அப்போது மார்கழி மாதம், ஆடிக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது.