சாகாவரம் வாங்கிய மந்திரவாதி

இந்த ஞாயிற்றுக்கிழமை எப்பாடுபட்டாவது சாகக் கூடாது என்று தீர்மானம் செய்துகொண்டேன்.

பதறாதீர்கள். வழக்கமாகச் சாகிறது நான் இல்லை, என் மந்திரவாதி. ஆனால் எங்கள் வீட்டில் அந்த வித்தியாசத்தை யாரும் பெரிதாக மதிப்பதில்லை.

விஷயம் இதுதான். ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் மேஜையைத் துடைத்து, ஜன்னல் திரையைப் பாதி இழுத்துவிட்டு நாலு பேர் உட்காருவோம். என் மனைவி கதை சொல்லுவாள். காடு, கோட்டை, பூதம், பாதாளம் எல்லாம் அவள் பொறுப்பு. மற்ற மூன்று பேரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் போடுவோம். "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் பூதத்தை வெட்டுறேன்" என்று சொல்லுவோம். நடந்ததா இல்லையா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை தீர்மானிக்கும்; பெரிய எண் விழுந்தால் நடந்தது. ஒவ்வொருவருக்கும் இத்தனை உயிர்ப்புள்ளி என்று உண்டு. அடிபட்டால் குறையும். பூஜ்யமானால் ஆள் காலி.

எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா கோடாலி வீராங்கனை. நிஜத்தில் ஒரு பல்லைப் பிடுங்குவதற்குள் நோயாளியிடம் நாலு தடவை மன்னிப்புக் கேட்கிற மனுஷி. பகடை கைக்கு வந்துவிட்டால் தலைகள் உருளும். மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், லிஃப்ட் மெக்கானிக். கதையில் திருடன். நான் மந்திரவாதி. தாடி உண்டு, தடி உண்டு, கூர்த்தொப்பி உண்டு. உயிர்ப்புள்ளி மட்டும் மூன்று.

மூன்று! கொசு கடித்தாலே ஒன்று போய்விடும். என் முதல் மந்திரவாதி கதை ஆரம்பிக்கும் முன்பே குதிரையிலிருந்து விழுந்து உயிரை விட்டார். அவர் மகனை எலி கடித்தது. பேரன் விடுதி மாடிப்படியில் வழுக்கினார். அடுத்து வந்த சித்தப்பா கொஞ்சம் விவரமான ஆள், எங்கும் போகாமல் உட்கார்ந்து சூப் குடித்தார். நாக்கு சுட்டது, ஒரு புள்ளி போயிற்று. துள்ளி எழுந்தார், முட்டி இடித்தது, இன்னொன்று போயிற்று. "அம்மா!" என்று கத்தினார், பயத்தில் பக்கத்து மேஜைக்காரன் கத்தியை வீசிவிட்டான். இத்தனைக்கும் நான் பிழைப்பு நடத்துவது ஆயுள் காப்பீட்டு அலுவலகத்தில். பாலிசி விதிகளை எழுதுகிறவனே நான்தான். ஊருக்கெல்லாம் காப்பு எழுதுகிறவன் வீட்டில் இப்படி வாரம் ஒரு இழவு.

இதில் இன்னொரு கொடுமை இருக்கிறது. கதையில் எது உங்கள் ஆளின் கண்ணில் படவில்லையோ, அது உங்கள் காதிலும் விழக் கூடாது. இது எங்கள் வீட்டு வழக்கம். ஆகவே என் ஆள் செத்ததும் நான் எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். புது ஆளோடு அடுத்த வாரம்தான் திரும்ப வரலாம். சமையலறையில் ஒரு மனுஷன் எவ்வளவு நேரம் சும்மா நிற்க முடியும்? பாத்திரம் வேறு முறைத்துப் பார்க்கிறது. தேய்ப்பேன்.

பாத்திரம்கூடப் பரவாயில்லை ஐயா, எனக்கு வருத்தம் அவள் குரல்தான். என் மனைவி ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்கிறவள். வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்று அவள் சொன்னால் யாரும் கோபப்படுவதில்லை. பெட்டியின் மேல் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அந்தக் குரல் ஞாயிறு மதியம் இன்னும் ஒரு படி இறங்கும். "பனி இறங்குது" என்பாள். என் கணுக்காலில் ஜில்லென்று இருக்கும். மேஜையின் ஓரங்கள் கரையும். சுவர்க் கடிகாரம் எங்கோ வேறு தேசத்தில் ஓடுவது போலக் கேட்கும். அப்போது பார்த்துத்தான் எலி கடிக்கும்.

ஒரு நாள் மதியம் பாதித் தூக்கத்தில் அவள் சொன்னாள்:

"மலை உச்சில ஒரு மேக நகரம் கட்டிட்டிருக்கேங்க."

"யாரு?"

"நான்தான். அங்க மழை கீழயிருந்து மேல போகும். வீதியில நம்ம காலடிச் சத்தம் நமக்கு முன்னாடியே போயிட்டிருக்கும். உலகத்துல தூங்குறவங்க கனவெல்லாம் சாயங்காலம் ஒரு குளத்துல வந்து மிதக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் உள்ள வந்து பாருங்க. வெளியில சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். நான் தூங்கவில்லை. அதற்குப் பிறகு அவளைக் கவனித்தேன். காய் நறுக்கும்போது உதடு அசையும். பேருந்துக்கு நிற்கும்போது அண்ணாந்து பார்த்துத் தனக்குள் சிரிப்பாள். நகரம் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இத்தனை வருஷமாக ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம், இவள் மனசுக்குள் இப்படி ஒரு ஊர் இருப்பது எனக்குத் தெரியாது. அதில் ஒரு வீதியாவது நடந்து பார்க்க வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மச்சானும் டாக்டரம்மாவும் அதில் உலா போவார்கள், கட்டின புருஷன் குழாயடியிலா?

அதனால்தான் வீட்டு விதிகள் எழுதினேன். அலுவலகத்தில் உட்கார்ந்து, என் முழு அனுபவத்தையும் இறக்கி எழுதினேன். சனிக்கிழமை காலை காப்பி ஆறுவதற்குள் அவள் முன்னால் நீட்டினேன்.

"என்னங்க இது?"

"நம்ம விளையாட்டுக்கு விதி. ஆயுள் பாதுகாப்பு. படிக்கிறேன் கேளு. என்ன நேர்ந்தாலும் மந்திரவாதியின் உயிர்ப்புள்ளி ஒன்றுக்குக் கீழே இறங்காது."

"வெட்டினா?"

"இறங்காது."

"எரிச்சா?"

"மயக்கம்கூட வராது. எல்லாம் விதி ரெண்டுல வரிசையா இருக்கு."

"இது எல்லாருக்குமா?"

"குடும்பத்துல நாலு பேரைத் தொடர்ந்து பறிகொடுத்தவங்களுக்கு மட்டும்."

"அதாவது உங்களுக்கு."

"தகுதி இருக்கிற யாருக்கும்."

அவள் காப்பியை ஒரு வாய் குடித்தாள். "தம்பிக்கும் டாக்டரம்மாவுக்கும் சேர்த்தே போட்டுடலாமே? ஒரு வரிதானே?"

"அவங்களுக்கு எதுக்கு? இதுவரைக்கும் ஒரு கீறல் இல்ல. ஆபத்து இருக்கிறவனுக்குத்தான் பாலிசி."

"அப்புறமா மாத்தணும்னா?"

அங்கேதான் என் சாமர்த்தியம். நாளைக்கே இவள் மனசு மாறிவிட்டால்? "எல்லாரும் ஒத்துக்கணும். ஒருத்தர் வேணாம்னாலும் மாத்த முடியாது."

"நல்லா யோசிச்சுட்டீங்களா?"

"எறும்பு போக ஓட்டை கிடையாது."

"சரிங்க. உங்க இஷ்டம்."

உலகத்திலுள்ள கணவன்மார்களே, 'உங்க இஷ்டம்' என்று மனைவி சொன்னால் அந்த இடத்திலேயே காகிதத்தைக் கிழித்து வாயில் போட்டு மென்றுவிடுங்கள். நான் விசிலடித்துக்கொண்டு ஷேவ் செய்யப் போனேன்.

ஞாயிறு வந்தது. மச்சான் விதிகளைக் கேட்டதும், "மாமா, இது பச்சை அழிச்சாட்டியம்" என்றான். டாக்டரம்மா, "பாவம், சாரும் எத்தனை தடவைதான் சாவாரு" என்றார். மனைவி அவர்களைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். விதி நிறைவேறியது.

அடடா, என்ன ஒரு மதியம்! சித்தப்பாவின் ஒன்றுவிட்ட தம்பியாக அவதாரம் எடுத்து நெருப்புக்குள் நடந்தேன். பள்ளத்தில் விழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். ஒரு மலைப்பாம்பு என்னை விழுங்கியது. உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் பொறுக்கும்? துப்பிவிட்டுப் போயிற்று. கூட வந்தவர்களுக்கும் என் அருமை புரிந்தது. "மாமா, அந்தப் பலகையில கொஞ்சம் கால் வெச்சுப் பாருங்க" என்பான் மச்சான். வைப்பேன், கூரையிலிருந்து ஈட்டி இறங்கும். "ம், இந்த வழி வேணாம்" என்பான். டாக்டரம்மா ஒவ்வொரு அம்புக்கும் "மன்னிச்சுக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டு என் பின்னால் ஒளிந்துகொண்டார். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் உயிரோடு மேஜையில் இருக்கிறேன், அவள் பேசுகிறாள், மலை ஏறுகிறோம்.

உச்சி வந்தது. மனைவியின் குரல் இறங்கியது. வெளியே மேகம் மூடி அறையே சாம்பல் நிறமாகிவிட்டது.

"பனிக்கு நடுவுல ஒரு கதவு. கல்லா மேகமான்னு தெரியல. மேல தூக்கினாத்தான் திறக்கும். தூக்கினவங்க பிடிச்சுட்டே நிக்கணும். விட்டா விழுந்துரும். விழுந்தா அப்புறம் திறக்காது. உள்ள போனவங்க உள்ளதான், வெளிய நிக்கிறவங்க வெளியதான்."

"நான் தூக்குறேன்" என்றார் டாக்டரம்மா.

"தொட்டதும் உங்க பாதி உயிர் போயிடுச்சு. அந்தக் கதவு பிடிக்கிறவங்க உயிரைக் குடிக்குது."

டாக்டரம்மா கையை எடுத்துவிட்டார். மச்சான் கையை நீட்டவே இல்லை, பைக்குள் விட்டுக்கொண்டான். மூன்று பேரும் மெதுவாக என்னைப் பார்த்தார்கள். பீரோவை நகர்த்த ஆள் தேடும்போது வீட்டில் எல்லாரும் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"மாமா, நீங்கதான் சாக மாட்டீங்களே."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பகடையை உருட்டினேன். இருபது! வாழ்நாளில் முதல் இருபது. "கதவு எழும்புது" என்றாள் அவள். "வெளிச்சம் கொட்டுது. மழை மேல போற சத்தம் கேக்குது."

"நகரம் தெரியுதா?"

"எப்படிங்க தெரியும்? முதுகைக் குடுத்துத்தானே தாங்கிட்டிருக்கீங்க. உங்க முகம் வெளிப்பக்கம் இருக்கு."

"சரி, நாங்க உள்ள போறோம்" என்றான் மச்சான்.

"இதோ நானும்..."

"நீங்க நகந்தா கதவு விழுந்துடும்ல சார்" என்றார் டாக்டரம்மா. "மன்னிச்சுக்கோங்க."

மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கொஞ்சம் பாசமும் இருந்தது, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

எழுந்து போனேன். கதவைச் சாத்தினேன். குழாயைத் திறக்க மனம் வரவில்லை. கதவிலேயே முதுகைச் சாய்த்து நின்றேன். மரக்கதவுக்கு அந்தப் பக்கம் அவள் குரல் வார்த்தை இல்லாமல், வெறும் ரீங்காரமாக முதுகெலும்பில் இறங்கியது. கண் சொக்கியது. பாரம் தோளை அழுத்தியது. காலுக்குக் கீழே பனி ஊர்ந்தது. பின்னாலிருந்து ஒரு வெளிச்சம் வந்து என் நிழலை எதிர்ச் சுவரில், டப்பாக்களின் மேல், நீளமாகப் போட்டது. யாரோ நடக்கிற காலடிச் சத்தம் எனக்கு முன்னால் போயிற்று. அது என்னுடையதுதான் என்று நினைத்தேன். ஒரே ஒரு மழைத்துளி என் கன்னத்தை உரசிக்கொண்டு மேலே ஏறியது. திரும்பிப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருந்தது. திரும்பினால் விழுந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"சார்... சார், கதவைத் திறங்க. முடிஞ்சிருச்சு."

திறந்தேன். டாக்டரம்மாவின் கண் கலங்கியிருந்தது. மச்சான், வாய் ஓயாத மச்சான், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"எப்படிடா இருந்துச்சு?"

"சொல்லக் கூடாது மாமா. ஆனா..."

"ஆனா?"

"ஒண்ணுமில்ல." எழுந்தவன் செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கிப் போனான். டாக்டரம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டார்.

மனைவி பால்கனியில் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"அடுத்த வாரம் நான் உள்ள வரலாமா?"

"கதவை யாருங்க பிடிக்கிறது?"

"அவங்க சுத்திப் பாத்துட்டு வந்துடுவாங்கல்ல?"

"பெரிய ஊருங்க அது. ஆற அமரப் பாத்தா இந்த வருஷம் போயிடும்."

"அப்ப விதியை மாத்திடுவோம்."

"எல்லாரும் ஒத்துக்கணுமே."

பால்கனியிலிருந்து எட்டிக் கீழே பார்த்துக் கத்தினேன். "மச்சான்! விதியை மாத்தலாமா?"

"வேணாம் மாமா! கதவை விட்றாதீங்க!" என்று தெருவிலிருந்து பதில் வந்தது. எதிர்வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து, "மன்னிச்சுக்கோங்க சார்!" என்று இன்னொரு குரல்.

"நான் அப்பவே கேட்டேன்" என்றாள் மனைவி, ஒரு தலையணை உறையை உதறியபடி. "எல்லாருக்கும் சேர்த்துப் போட்டுடலாமான்னு. மூணு பேரும் மாத்தி மாத்திப் பிடிச்சிருப்பீங்க. இப்ப சாகாத ஆளு நீங்க ஒருத்தர்தான்."

"சரி, தப்புதான். என்னைக் கொன்னுடு. இவரோட மருமகனா இன்னொருத்தரைக் கூட்டிட்டு வந்துடறேன்."

"ஒண்ணுக்குக் கீழ இறங்காதேங்க."

"ஒரு இடி? ஒரு மின்னல்?"

"விதி ரெண்டுல இருக்கு."

"விஷம்?"

"அதுவும் இருக்கு."

"இப்படியே முதுகைக் காட்டிட்டு நின்னா மனசு வெறுத்தே செத்துடுவேன்!"

அவள் துணியை மடிப்பதை நிறுத்தினாள். நிஜமாகவே வழி தேடுகிறவள் போலக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு வண்டி தாமதத்தைச் சொல்கிற அதே இதமான குரலில் சொன்னாள்:

"முடியாதுங்க. மனசு வெறுத்துச் சாகிறதையும் நீங்களே தடுத்து வெச்சிருக்கீங்க."