காசி யாத்திரைக்கு ஒரு பாப் பாட்டு

சொந்தமாகப் பாட்டு எழுதி, சொந்தமாக மெட்டுப் போட்டு, சொந்தக் குரலில் பாடுகிறவனுக்கு ஒரு பெரிய சங்கடம் உண்டு. பழியைப் போட வேறு ஆள் கிடைக்காது.

எழுபதுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் கிட்டாரும் கிருதாவுமாக அலைந்த நான் அப்படி ஓர் இசைத்தட்டு வெளியிட்டேன். (கோடம்பாக்கம் ஸ்டூடியோ ஒன்றில், அசல் வாத்தியக்காரர்கள் சாப்பிடப் போன நேரங்களில் பதிவு செய்தது.) தமிழில் பாப் இசை! ஊரே கொந்தளிக்கும் என்று நினைத்தேன். முதல் பாட்டைக் கேட்டதும் அப்பா, "தொண்டை சரியாற வரைக்கும் மோர் சாப்பிடாதே" என்றார். எங்கள் வங்கி மேனேஜர் ஒரு வாரம் வைத்திருந்து, "ஒரு கீறல் விழாம பாத்துண்டேன்ப்பா" என்று திருப்பிக் கொடுத்தார். உறையையே பிரிக்கவில்லை. முழுக்கக் கேட்டவள் எதிர்வீட்டு மாமி ஒருத்திதான். அவளுக்குக் காது மந்தம்.

இந்த நிலைமையில்தான் அக்கா வசந்தாவின் கல்யாணம் வந்தது. தி.நகரில் சத்திரம். வாசலில் ஒரு குழாய் ஒலிபெருக்கி, தெருமுனை தாண்டி வேப்பமரத்தில் இன்னொன்று. சாப்பாடு போடும்வரை எழுந்து போக முடியாத கூட்டம். எனக்கு வாயில் எச்சில் ஊறியது.

காசி யாத்திரை ஆரம்பித்தது. மாப்பிள்ளை குடை, விசிறி, கைத்தடியோடு சந்நியாசம் போவதாகக் கிளம்புவார். பெண்ணின் அப்பா வழிமறித்து, என் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளும் என்று கெஞ்சித் திருப்பி அழைத்து வருவார். பத்தடி தூர நாடகம், அவ்வளவுதான். நாகஸ்வரக்காரர் காபிக்குப் போயிருந்தார். நான் மைக் செட் கபாலியிடம் என் இசைத்தட்டை நீட்டினேன்.

"இன்னா பாட்டு நைனா இது?"

"யாத்திரைப் பாட்டுதான். சவுண்டா போடுங்க."

குழாய் அலறியது. "போகிறேன், போகிறேன், யாரும் என்னை அழைக்காதீர்!" தேங்காயோடு நின்ற அப்பா கெஞ்சியது அவருக்கே கேட்டிருக்காது. மாப்பிள்ளை சுந்தரம் அவரைத் தாண்டினார். வாசலையும் தாண்டினார். தெருவில் இறங்கி நடந்தே போய்விட்டார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். குடை தெருமுனையில் திரும்பி மறைந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"முகூர்த்தத்துக்கு அரை மணிகூட இல்லை!" என்று வாத்தியார் கத்தினார்.

உள்ளேயிருந்து அக்கா என்னைப் பார்த்தாள். என் பாட்டால் அவள் கல்யாணமே நின்றுபோனால்? பாட்டை நிறுத்தச் சொல்லக்கூடத் தோன்றாமல் ஓடினேன்.

மாப்பிள்ளை வேப்பமரத்தடியில் நின்று, குழாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்திம்பேர், முகூர்த்தம்!"

"உஷ்! அங்க ஒரே கூச்சல், வரியே புரியலை. அதான் இங்க வந்தேன். கடைசி சரணம் வரது, இரு. பாடினது யாரு?"

"நான்தான்."

"நீயா! எழுதினது?"

"அதுவும் நான்தான்."

அந்த நிமிஷம் நான் செய்திருக்க வேண்டியது என்ன என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். நானோ, "அடுத்த பாட்டு இன்னும் நன்னா இருக்கும்" என்று சொல்லி அவர் குடைக்குள் நுழைந்துகொண்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் இருந்ததே இல்லை. மூன்றாவது பாட்டுக்கு இருவரும் தலையாட்டிக்கொண்டிருந்தபோது, வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி அப்பா மூச்சிரைக்க வந்து நின்றார்.

"ரெண்டு பேருமா போறேளா காசிக்கு?"

முகூர்த்தம் முடிவதற்குள் எப்படியோ தாலி ஏறிவிட்டது. அக்கா மட்டும் தீபாவளி வரை என்னோடு பேசவில்லை.

அன்றுமுதல் எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும் காசி யாத்திரைக்கு இரண்டு பேரை நியமித்துவிடுகிறார்கள். ஒருவர் மாப்பிள்ளையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் என்னைப் பிடித்துக்கொள்ள. போன மாதம் அக்கா பேத்தியின் கல்யாணத்தில் என்னைப் பிடிக்கும் பொறுப்பு அத்திம்பேருக்கு. இந்த வயதிலும் உடும்புப் பிடி. அக்கா அந்தப் பக்கம் திரும்பியதும், பிடியை விடாமலே என் காதருகே குனிந்தார்.

"ரெக்கார்டு கொண்டு வந்திருக்கியோ?"