பாடும் குடும்பத்துக்கு மட்டும்

காலை ஐந்தே முக்காலுக்கு அலாரம் அடிக்கும். பிரைட்டன் எழுந்து பால் பாக்கெட்டை வெட்டி அடுப்பில் வைப்பான். டீத்தூள் இரண்டு ஸ்பூன் எடுப்பான். ஒன்றைத் திரும்ப டப்பாவில் போடுவான். ஆறே காலுக்குக் குளியலறைக்குப் போவான். ஆறே முக்காலுக்கு வெளியே வருவான். முன்பெல்லாம் ஆறரைக்கு அடுத்த வீட்டு மராத்திக்காரி ஸ்மிதா தாயி குளியலறைச் சுவரில் தட்டுவாள். பதினான்கு மாதமாகத் தட்டுவதில்லை.

மனைவி ஜெனி போய்ப் பதினான்கு மாதம்.

பிரிட்ஜ் கதவில் ஒரு காந்தத்துக்கு அடியில் பத்திரிகைத் துண்டு ஒன்று இருந்தது. ஜெனி கத்தரித்து வைத்தது. 'விற்பனைக்கு: பாலமருதூர் மேலத் தெருவில் பழைய ஓட்டு வீடு. பாடும் குடும்பத்துக்கு மட்டும்.' அவளுக்குத் தமிழ் எழுத வராது. ஓரத்தில் ஆங்கில எழுத்தில் 'இதுதான்' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாள்.

பாலமருதூர் கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஊரில் பாதிப் பேர் பாடகர்கள், மீதிப் பேர் அவர்களுக்கு உறவினர்கள் என்று இணையத்தில் போட்டிருந்தது. ஜெனி செம்பூர் சர்ச் பாடற்குழுவில் பாடியவள். அவள் ஏன் அந்த வீட்டைக் கேட்டாள் என்று யோசிக்க ஒன்றுமில்லை. ஆபீஸ் வேலையை எங்கிருந்து வேண்டுமானாலும் செய்யலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் கேட்டதில் இன்னும் வாங்கித் தராதது அது ஒன்றுதான். பிரைட்டன் வாங்குவதென்று முடிவு செய்தான்.

தாராவி புரோக்கர் மாரீஸ்வரன் போன் செய்தார்.

"தம்பி, அந்த வீடு இன்னும் விக்கலையாம். வீட்டுக்கார அம்மா மாட்டுங்காவுலதான் இருக்காவ. பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காவ. நல்ல சட்டையாப் போட்டுட்டு வாரும்."

வீட்டுக்கார அம்மாவின் பெயர் விஜயலட்சுமி. எழுபத்தைந்து வயது. மூலையில் தம்புரா உறையோடு நின்றது. சமையலுக்கு இருக்கும் அம்மிணி காபி கொண்டுவந்து வைத்தாள்.

"எங்கப்பா கட்டின வீடு" என்றாள் மாமி. "சுவர் ரெண்டடி கனம். உள்ளே இடி விழுந்தாலும் தெருவுக்குத் தெரியாது. மேலத் தெருவில விடியக்காலம் ஒவ்வொரு ஆத்திலேயும் ஒருத்தர் பாடியாகணும். அது வழக்கம். எங்காத்தில பத்து வருஷமா சத்தமில்லை. பாடறவாளுக்குத்தான் விக்கணும்னு அப்பா உயில்லயே எழுதிட்டார்."

"சுவர் ரெண்டடின்னா தெருவுக்கு எப்படிக் கேக்கும்?" என்றான் பிரைட்டன்.

"கேக்கறதுக்கா பாடறது?" என்றாள் மாமி. "சாமி எதுவானாலும் எனக்குச் சரி. உங்காத்தில யார் பாடறா?"

பிரைட்டன் வாயைத் திறந்தான். மாரீஸ்வரன் முந்திக்கொண்டார்.

"தம்பி வீட்டுல பாடுவாவ. சர்ச்சுல."

"எத்தனை வருஷமா?"

"பன்னிரண்டு வருஷம்" என்றான் பிரைட்டன்.

"பேஷ். இன்னிக்கு அழைச்சுண்டு வரலையா?"

"வர முடியல."

சொன்னதில் பொய் எதுவுமில்லை. ஆனாலும் அவன் வேகமாகப் படியிறங்கினான்.

"நான் வர்ற ஞாயித்துக்கிழமை காலம்பற ஆறரைக்கு உங்காத்துக்கு வரேன்" என்று மாமி மேலே நின்று சொன்னாள். "சாதகம் பண்றச்சே கேட்டாத்தான் நிஜம் தெரியும்."

தெருவில் பிரைட்டன் நின்றான். "ஏன் அண்ணாச்சி அப்படிச் சொன்னீங்க?"

"பாடுவாவன்னுதானே சொன்னேன். பாடலையா?"

"பாடினா."

"அப்புறம் என்ன? நீரு வாயத் தொறந்து விஷயத்தச் சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

பிரைட்டன் அந்த விஷயத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆபீஸுக்கே மச்சான் ரிஜோதான் சொன்னான்.

மாரீஸ்வரன் இரண்டு நாளில் ஒரு வழியோடு வந்தார்.

"ரஞ்சனான்னு ஒரு பாட்டு டீச்சர் இருக்காவ. கால் மணி நேரம் உம்ம வீட்டம்மாவா இருந்து பாடிட்டுப் போயிருவாவ."

"வேண்டாம்."

"பாடத்தானே போறாவ? குடும்பமா நடத்தப் போறாவ?"

"வேண்டாம் அண்ணாச்சி."

"அப்ப நீரே ஒரு வழி சொல்லும்."

பிரைட்டனின் போனில் ஜெனியின் பயிற்சிப் பாட்டு ஒன்று இருந்தது. கிறிஸ்துமஸுக்குத் தயாராகும்போது அவளே பதிவு செய்து அனுப்பியது. படுக்கையறையில் ஸ்பீக்கரை வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் போதும் என்று முடிவாயிற்று. முன்கூட்டியே போட்டுப் பார்க்கலாம் என்றார் மாரீஸ்வரன். பிரைட்டன் மறுத்துவிட்டான். அதை அவன் பதினான்கு மாதமாகக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எப்படியும் கேட்டாக வேண்டும். ஒரு தடவை போதும்.

ஞாயிறு காலை மாரீஸ்வரன் கேசரியும் பஜ்ஜியும் வாங்கிக்கொண்டு வந்தார்.

"இது எதுக்கு?"

"ஒரு பொம்பளையப் பாட வச்சுக் கேக்க வாராவ. கேசரி, பஜ்ஜி இல்லன்னா சந்தேகம் வந்துரும்."

மாமி பட்டுப்புடவையில் வந்தாள். பின்னால் அம்மிணி, பிளாஸ்க்கும் பையுமாக. மாமி சோபாவில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தாள்.

"எங்கே அவா?"

"உள்ள இருக்காவ" என்றார் மாரீஸ்வரன். "ரொம்பக் கூச்சம். கதவச் சாத்திக்கிட்டுத்தான் பாடுவாவ."

பிரைட்டன் பாக்கெட்டுக்குள் கையை விட்டுப் போனை அமுக்கினான்.

ஜெனி பாடினாள். அது கிறிஸ்துமஸ் பாட்டின் ஆல்ட்டோ என்ற கீழ்க்குரல் பகுதி. மெட்டெல்லாம் மேல்குரல்காரர்களுக்குப் போய்விடும். ஆல்ட்டோவுக்கு மிஞ்சுவது ஒரே ஸ்வரம். எப்போதாவது ஒரு படி இறங்கும். பயந்துபோய் உடனே ஏறிவிடும்.

மாரீஸ்வரன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மாமி கண்ணை மூடிக்கொண்டாள். நான்கு நிமிடம் ஆயிற்று.

"அடடா" என்றாள். "இத்தனை நாழியா ஒரே ஸ்வரத்தில நிக்கறாளே! இந்தப் பொறுமை இப்ப யாருக்கு வரும்? யாரிட்ட சிட்சை?"

"தனசீலன் மாஸ்டர்" என்றான் பிரைட்டன்.

"கேள்விப்பட்டதில்லை. மகாவித்வானா இருக்கணும்."

பாட்டு நின்றது. உள்ளே ஒரு இருமல். பிறகு ஜெனியின் குரல் சத்தமாகக் கேட்டது.

"பிரைட்டன், தேங்கா துருவியாச்சா?"

"ஆச்சு" என்றான் பிரைட்டன்.

மாரீஸ்வரன் அவனைப் பார்த்தார். அவன் சுவரைப் பார்த்தான். அது இரண்டு வருடத்துக்கு முந்தைய தேங்காய்.

"பார்த்தியா அம்மிணி!" என்றாள் மாமி. "பாடிண்டே அடுக்களையையும் கவனிச்சுக்கறா. எனக்குத் திருப்தி. வீடு உங்களுக்குத்தான். அந்தப் பையை எடு. அவளுக்கு வெத்தலை பாக்கு, ரவிக்கைத் துணி வெச்சுக் கொடுத்துட்டுக் கிளம்பறேன். வரச் சொல்லுங்கோ."

பிரைட்டன் பஜ்ஜித் தட்டை மாரீஸ்வரனிடம் நீட்டினான்.

"அவங்களுக்குக் காய்ச்சல்" என்றார் மாரீஸ்வரன்.

"காய்ச்சலோடயா பாடினா!" மாமி எழுந்துவிட்டாள். "அவ வர வேண்டாம். நானே உள்ளே போய்க் கொடுக்கறேன்."

"ஒட்டிக்கிடும் மாமி!"

"எனக்கு எழுபத்தஞ்சு வயசாச்சு. இனிமே என்ன ஒட்டிக்கப் போறது?"

மாரீஸ்வரன் கதவுக்குக் குறுக்கே போய் நின்றார். கையில் பஜ்ஜித் தட்டு. மாமி ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டு, "நகருங்கோ" என்றாள்.

அந்த நேரத்தில் வாசல் கதவு படாரென்று திறந்தது. ஸ்மிதா தாயி நைட்டியோடு, கையில் கரண்டியோடு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அக பாயீ! பிரைட்டன்! ஜெனி பாட்றா! சுவத்துல கேட்டுது! நான் சுனா, கேட்டேன்!" இருபது வருடமாகத் தமிழர்களோடு குடியிருந்து கற்ற தமிழ் அது. "செத்துப் போச்சே ஜெனி! எப்படிப் பாட்றா?"

மாரீஸ்வரன் ஒரு முழு பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டார். இனிமேல் அவரால் எதுவும் பேச முடியாது.

மாமி கதவைத் திறந்தாள். தலையணைமேல் ஸ்பீக்கர் இருந்தது. நீல விளக்கு ஒன்று மினுங்கியது. மாமி வெகுநேரம் அதைப் பார்த்தாள். பிறகு பிரைட்டனைப் பார்த்தாள்.

"இறந்துட்டா" என்றான் பிரைட்டன். "பதினாலு மாசம் ஆச்சு."

சொல்லிவிட்டான். கூரை அப்படியே இருந்தது. தெருவில் ரிக்‌ஷாக்காரன் ஹாரன் அடித்தான்.

மாமி சோபாவுக்குத் திரும்பி வந்து மெதுவாக உட்கார்ந்தாள்.

"மொதல்லயே சொல்லியிருக்கப்படாதா? எனக்கு மனசு கஷ்டமா இருக்கு. ஆனா இது அப்பா எழுதி வெச்சது. இந்தாத்தில பாடறதுக்கு இப்ப யாருமில்லையே."

"இல்ல மாமி. மன்னிச்சிருங்க."

"யாருமில்லையா?" என்றாள் ஸ்மிதா தாயி. கரண்டி பிரைட்டனை நோக்கித் திரும்பியது. "ஜூட்! பொய்! இவன் பாடுவான்! ஆறு வருஷம்! தினம் ஆறரைக்கு, பாத்ரூம்ல! நான் சுவத்தைத் தட்டித் தட்டிக் கை வீங்கிப் போச்சு!"

பிரைட்டன் அவளைப் பார்த்தான்.

"தாளம் போடுறீங்கன்னு நினைச்சேன்."

"தாளமா? தேவா!"

"நான் பாடப்பாட நீங்க இன்னும் வேகமாத் தட்டுவீங்களே."

"நிறுத்தச் சொல்லித் தட்டினேன்டா, பாப்பா!" ஸ்மிதா தாயி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கரண்டியை மடியில் வைத்துக்கொண்டாள். "இப்ப நீ பாடறதில்ல. எனக்கு முழிப்பு வர்றதில்ல. தினம் பஸ்ஸை விடறேன்."

மாமியின் முதுகு நிமிர்ந்தது.

"பாடுங்கோ."

"எனக்கு..."

"இங்க வேண்டாம். சாதகம் பண்ற எடத்திலயே பண்ணுங்கோ."

பிரைட்டன் குளியலறைக்குப் போனான். குழாயைத் திறந்தான். கொஞ்ச நேரம் தண்ணீர் மட்டும் கேட்டது.

பிறகு பாடினான். ஒரு சுருதியில் ஏறினான். குர்லாவில் ரயில் மாறுகிறவனைப் போல நடுவில் இறங்கி வேறொன்றைப் பிடித்தான். கடைசி அடியில் எதுவும் கிடைக்காமல் நடந்தே போனான். கீழே ஒரு நாய் குரைத்தது. ஸ்மிதா தாயியின் கை தன்னால் சுவரைத் தட்டியது. உள்ளே உற்சாகம் வந்து குரல் உயர்ந்தது. மாரீஸ்வரன் பஜ்ஜியை விழுங்கினார்.

மாமி முழுவதும் கேட்டாள். ஒரு வித்வானின் மகளுக்கு அது லேசான வேலையில்லை.

"அப்பா பாடறவாளுக்குன்னுதான் எழுதினார்" என்றாள் கடைசியில். "நன்னாப் பாடறவாளுக்குன்னு எழுதலை."

கொஞ்சம் யோசித்தாள்.

"எழுதியிருக்கலாம்."

பிரைட்டன் வெளியே வந்தான். முகம் கழுவியிருந்தான். மாரீஸ்வரன் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வீடு முடிஞ்சிட்டுது தம்பி!"

"ஜெனிக்குத்தான் மாமி சங்கீதம் பிடிக்கும்" என்றான் பிரைட்டன். "அதனாலதான் அந்த ஊர் வீட்டைக் கேட்டா."

பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்த அம்மிணி நிமிர்ந்தாள்.

"ஜெனியா? செம்பூர் ஜெனியா? அந்தப் பொண்ணு போன் பண்ணினாளே! மாமிக்குப் போன்ல காது கேக்காது, நான்தான் எடுத்தேன்."

"எப்ப?"

"வெளம்பரம் வந்த அன்னிக்கே."

"என்ன கேட்டா?"

"பாட்டைப் பத்தி ஒண்ணும் கேக்கலை. ஊரைப் பத்தியும் கேக்கலை. சுவர் எத்தனை கனம்னு மட்டும் கேட்டா. ரெண்டடின்னேன். ஒரே சிரிப்பு. எதுக்குன்னேன். போனை வைக்கறதுக்கு முன்னால கடைசியாச் சொன்னா: 'அது போதும்க்கா. எங்க வீட்டுக்காரர் காலையில பாடுவாரு. நல்லாப் பாடுறதா நெனச்சிட்டிருக்காரு. அப்படியே நெனச்சிட்டு இருக்கட்டும்.'"