பதினேழு வயது மாமனார்

"பேஷன்டுக்கு வயசு பதினேழு. அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போடணும்," என்றாள் கண் மருத்துவமனையின் வரவேற்புப் பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

எதிரே மாமனார் அமர்ந்திருந்தார். வழுக்கைத் தலை, வெள்ளை மீசை, புரை விழுந்த வலது கண்.

"எங்கப்பா போய்ச் சேர்ந்து நாப்பது வருஷமாச்சேம்மா," என்றார் கவலையோடு.

மேல் மாடியிலிருந்து மாப்பிள்ளை ஓடி வந்தான். அந்த மருத்துவமனையின் மென்பொருளை எழுதியவனே அவன்தான்.

"பிறந்த தேதி என்ன போட்டீங்க?"

"பிப்ரவரி இருபத்தொம்பது, ஐம்பத்தாறு. ஐயாதான் சொன்னாங்க."

அவனுக்குப் புரிந்துவிட்டது. அந்தத் தேதி வருகிற வருடங்களை மட்டும் எண்ணி வயது சொல்கிற பிழை அது. 'நாலு வருஷத்துக்கு ஒருத்தன், பார்த்துக்கலாம்' என்று தள்ளிப் போட்டிருந்தான்.

மணி பதினொன்று. பன்னிரண்டுக்கு டாக்டர் கிளம்பிவிடுவார். பிறகு ஒரு மாதம் விடுமுறை. மாமனாரோ போன வாரம்தான் படியில் கால் தவறி விழுந்து எழுந்தவர். வெளியூர் போயிருந்த மனைவி காலையிலேயே போனில் சொல்லிவிட்டாள்: "இன்னிக்கு ஆபரேஷன் நடக்கலைன்னா எங்கிட்ட பேசாதீங்க."

தேதியை மார்ச் ஒன்று என்று மாற்றினான்.

"சார், இது வேற ஆளுன்னு புது ஃபைல் திறந்துடுச்சு. இவருக்கு ரத்தப் பரிசோதனையே நடக்கலைங்குது."

இரண்டு ஃபைல்களையும் ஒன்றாக்கினான். பதினேழும் அறுபத்தொன்பதும் கூடிக்கொண்டன.

"இப்ப எண்பத்தாறு சார். எண்பதுக்கு மேலன்னா இதய டாக்டர் சம்மதம் வேணுமாம்."

"அரை மணியில கிழவனாக்கிட்டீங்களே, மாப்பிள்ளை!"

"கொஞ்சம் பொறுங்க, மாமா."

மென்பொருளில் வயதைக் கணக்கிடும் வரியையே திருத்தினான். இருபத்தொன்பது இல்லாத வருடத்தில் மார்ச் ஒன்று பிறந்ததும் வயது கூடட்டும். மென்பொருளை நிறுத்தி மீண்டும் இயக்கினான். திரை விழித்தது. அறுபத்தொன்பது!

கூடவே அன்றைய அறுவைச் சிகிச்சைப் பட்டியல் மொத்தமும் காலியாகியிருந்தது. அதைக் கையால் எழுதி முடிப்பதற்குள், வாசலில் டாக்டரின் கார் புறப்படும் சத்தம் கேட்டது.

அவன் மாமனாரின் முன் தலைகுனிந்து நின்றான்.

"மன்னிச்சிடுங்க மாமா. என் தப்பு."

"அட விடுங்க," என்று பெருந்தன்மையாக அவன் தோளைத் தட்டினார் அவர். "கண்ணு எங்க ஓடிடப் போகுது? அடுத்த மாசம் பார்த்துக்கலாம்."

அவன் கண் கலங்கிவிட்டது.

மருந்துச் சீட்டுகளோடு அப்போதுதான் வந்து சேர்ந்த மாமியாரிடம், நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தான்.

"பிப்ரவரியா? இவர் ஆகஸ்ட்ல பிறந்தவராச்சே!" என்று கணவரைத் திரும்பிப் பார்த்தாள் மாமியார். "ஓகோ... ஞாயித்துக்கிழமை சாப்பிடறப்ப, 'ஒரே ஒரு தேதி குடுத்தா நம்ம கம்ப்யூட்டர் படுத்துடும்'னு மாப்பிள்ளை சொன்னதும், 'எந்தத் தேதி, எந்தத் தேதி'ன்னு ரெண்டு தடவை கேட்டது ஆபரேஷனுக்கு டிமிக்கி குடுக்கத்தானா?"